பேஸ்மென்ட்டில் ஊறும் நீருக்கு ஒரு குழி, ஒரு பம்ப்: செய்து பார்த்த விவரம்

வீட்டுக்கு அடியில், நிலமட்டத்துக்குக் கீழே இருக்கும் எங்கள் பேஸ்மென்ட் அறையில் சம்ப் பம்ப் போட்ட வேலை ஒருவழியாகப் பலித்துவிட்டது. கனமழை பெய்து ஓய்ந்த பிறகும் தரை காய்ந்தே இருக்கிறது. தரைக்குக் கீழே குழி எடுத்து, சுவரோரம் கசியும் நீரை அதில் சேர்த்து, பம்பால் வெளியே தள்ளுவது; விஷயம் அவ்வளவுதான். ஆனால் இதைச் செய்யப் போகிறவர்கள் பலர் முதலில் பம்பைத்தான் தேடுகிறார்கள். என் அனுபவத்தில் அது கடைசியில் வாங்க வேண்டிய பொருள். நீர் எந்த வழியாக வருகிறது, நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்ற இரண்டும் தெரியாமல் பம்ப் வாங்கினால் ஒன்று திணறும், இல்லை அடிக்கடி ஓடி ஓடி மோட்டார் போய்விடும்.

முதலில், அது கசிவுதானா என்று உறுதி செய்துகொண்டேன். முழங்கை நீளத்துக்குச் சதுரமாக ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டிச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டேன். ஷீட்டின் வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றின் ஈரம். அதற்குக் காற்றோட்டம் போதும், குழி வேண்டாம். சுவரை ஒட்டிய உள்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவர் வழியாக வருகிறது. எங்களுக்கு உள்பக்கம்தான் நனைந்திருந்தது. சுவரின் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்ததும் அதையேதான் சொன்னது.

அடுத்து வெளியே போய்ப் பார்த்தேன். கூரை நீர் இறங்கும் குழாய் சுவரோரத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அதை நீட்டித் தள்ளிவிட்டேன். சுவரை ஒட்டிய மண் வீட்டைப் பார்த்துச் சரிந்திருந்தது. மண் கொட்டி, முதல் 3 மீட்டருக்கு 15 செ.மீ. இறக்கம் வரும்படி வெளிப்பக்கம் சரித்தேன். இந்த இரண்டிலேயே கசிவு கணிசமாகக் குறைந்தது. பல வீடுகளுக்கு இதுவே போதுமாக இருக்கும். செலவும் மிகக் குறைவு என்பதால் இதை முடிக்காமல் தரையில் கை வைக்காதீர்கள்.

எங்களுக்குப் போதவில்லை. மழைக் காலத்தில் நிலத்தடி நீர்மட்டமே தரைக்கு மேலே ஏறிவிடுகிறது. சுவரும் தரையும் சேரும் இடுக்கில் நீர் கோடு போட்டது போல வரும். உள்ளே வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்துப் பார்த்தோம். ஒரு மழைக்குத் தாங்கியது, அப்புறம் பொரிந்து பாளம் பாளமாக உதிர்ந்தது. பூச்சின் மேல் பழி இல்லை. நிலத்தடி நீர்மட்டம் தரையின் அடிப்பக்கத்தைவிட 1 மீட்டர் உயர்ந்து நின்றால் ஒவ்வொரு சதுர மீட்டரையும் அது கிட்டத்தட்ட ஒரு டன் அழுத்தத்தோடு மேலே தள்ளும். உள்பக்கம் பூசிய மெல்லிய படலத்தை அந்த அழுத்தம் பின்னாலிருந்து உரித்துவிடும். நீரை மறிப்பதை விட்டு, அதற்கு ஒரு வழி கொடுத்து வெளியேற்றுவதுதான் சரி என்று அப்போது முடிவெடுத்தோம்.

குழிக்கு இடம் பார்க்கும்போது மூன்று விஷயம். தரையில் நீர் இயல்பாக ஓடிச் சேரும் தாழ்ந்த மூலையாக இருக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய், மின்கம்பி எதுவும் கீழே போகக் கூடாது. அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டவே கூடாது. அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே குழி எவ்வளவு ஆழம் போகிறதோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது அஸ்திவாரத்திலிருந்து பக்கவாட்டில் தள்ளி இருக்க வேண்டும் என்பது கட்டட வேலையில் புழங்கும் கணக்கு. நாங்கள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தள்ளினோம். மண் பொலபொலவென்று இருந்தாலோ வீடு மிகப் பழையதாக இருந்தாலோ தோண்டும் முன் ஒரு இன்ஜினீயரிடம் காட்டிவிடுவது நல்லது.

குழிக்குள் இறக்க வாங்கியது 45 செ.மீ. விட்டம், 60 செ.மீ. ஆழமுள்ள தடித்த பிளாஸ்டிக் தொட்டி. அதைச் சுற்றி 10 செ.மீ. ஜல்லி வர வேண்டும் என்பதால் 65 செ.மீ. விட்டத்துக்கு வட்டம் வரைந்தோம். தரை கான்கிரீட் 10 செ.மீ. கனம். வாடகைக்கு எடுத்த பிரேக்கரால் நேராக உடைக்க ஆரம்பித்தால் விரிசல் வட்டத்தைத் தாண்டி ஓடும். அதனால் கோட்டின் மேல் நெருக்கமாக டிரில்லால் துளை போட்டு, பிறகு நடுவிலிருந்து உடைத்தோம். தூசி பயங்கரம். முகமூடி, கண்ணாடி, காதடைப்பு மூன்றும் இல்லாமல் மூடிய அறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

மண்ணைத் தோண்டுவது கான்கிரீட் உடைப்பதைவிடக் கஷ்டம். அரை மீட்டர் இறங்கியதும் நீர் ஊறத் தொடங்கியது. ஊற ஊறக் குழியின் பக்கம் சரிந்து விழுந்தது. ஒருவர் வாளியால் இறைத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் மண்வெட்டி போட வேண்டியிருந்தது. முடிந்தால் மழை இல்லாத மாதத்தில் தோண்டுங்கள்.

தொட்டியின் பக்கங்களில் 10 மி.மீ. துளைகள் போட்டோம். வடிகட்டித் துணி என்று விற்கிற ஜியோடெக்ஸ்டைல் துணியை எங்கே வைப்பது என்பதில் குழம்புவார்கள். தொட்டியைச் சுற்றியே இறுக்கிக் கட்டினால் சேறு நேராகத் துளைகளின் மேல் படிந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். துணி மண்ணை ஒட்டி வரட்டும். துணிக்கும் தொட்டிக்கும் நடுவே ஜல்லி வரட்டும். துணியே போடாமல் விட்டால் இன்னும் மோசம்: ஒவ்வொரு முறை பம்ப் ஓடும்போதும் தரைக்கு அடியிலுள்ள மணல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, தரை தாங்கலின்றி வெறுமையாகிவிடும்.

ஜல்லி 20 மி.மீ., கழுவியது. கழுவிய ஜல்லி என்று வந்த மூட்டையையும் ஒரு வாளி நீரில் அலசிப் பார்த்தேன். நீர் சாம்பல் குழம்பாகிவிட்டது. அத்தனையையும் திரும்ப அலசித்தான் போட்டோம். அலுப்பான வேலை, ஆனால் அந்தத் தூள்தான் பின்னால் பம்பின் வாயில் போய் உட்காரும்.

பிறகு சுவரோர வடிகால். கசிவு இருந்த இரண்டு சுவர்களின் ஓரமாக 25 செ.மீ. அகலத்துக்குக் கான்கிரீட்டை எடுத்து, அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைத் தாண்டாமல் கால்வாய் தோண்டினோம். துணி விரித்து, ஜல்லி போட்டு, 100 மி.மீ. துளைக்குழாயைத் துளைகள் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி படுக்கவைத்தோம். துளை மேலே இருந்தால்தானே நீர் உள்ளே விழும் என்று எனக்கும் தோன்றியது. நீர் வருவது மேலிருந்து அல்ல, கீழிருந்து. துளை கீழே இருந்தால் நீர்மட்டம் கொஞ்சம் ஏறியதுமே குழாய்க்குள் வந்து ஓடிவிடும். இறக்கம் மீட்டருக்கு 1 செ.மீ. ரசமட்டத்தின் ஒரு முனையில் அதற்கேற்ற கனத்தில் ஒரு மரத்துண்டை ஒட்டிவிட்டால் குமிழி நடுவில் நிற்கும் இடமே சரியான இறக்கம். ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்க்க வேண்டாம். மேலே கான்கிரீட் மூடும்போது சுவருக்கும் புதுத் தரைக்கும் நடுவே புடைப்புள்ள பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைச் செருகினோம். சுவரில் இறங்கும் ஈரம் அதன் பின்னால் வழிந்து குழாய்க்குப் போய்விடுகிறது.

பம்ப் வாங்காமல் இந்தக் கட்டத்தில் நிறுத்தி, மழைக்குக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்புதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பயன்பட்டது. நல்ல மழையில் குழியை வாளியால் இறைத்துவிட்டு, அளவுகோலை உள்ளே நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் நீர் 8 செ.மீ. ஏறியது. 45 செ.மீ. விட்டமுள்ள தொட்டியில் 1 செ.மீ. உயரம் என்றால் சுமார் 1.6 லிட்டர்; ஆக நிமிடத்துக்கு 13 லிட்டர். வெளியே உள்ள ஜல்லியின் இடுக்குகளும் கூடவே நிரம்புகின்றன. அதற்கு ஏறக்குறைய பாதி சேர்த்து, 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டேன்.

இனி பம்ப் எவ்வளவு உயரம் தள்ள வேண்டும் என்ற கணக்கு. குழியின் அடி நீர்மட்டத்திலிருந்து பைப் ஏறும் உச்சி வரை 2.9 மீட்டர். பிறகு பக்கவாட்டில் 6 மீட்டர் ஓட்டம், சில எல்போக்கள் (பைப்பைத் திருப்பும் வளைவுகள்), ஏறிய நீரைத் திரும்ப இறங்கவிடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. ஒன்றரை இன்ச் பைப்பில் ஒரு 90 டிகிரி எல்போ கொடுக்கும் தடை ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான நேர் பைப்புக்குச் சமம். எல்லாம் சேர்த்து 4 மீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். பம்ப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் உயரமே ஏறாதபோது கிடைக்கும் அளவு. பார்க்க வேண்டியது உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில், எந்த உயரத்துக்கு எவ்வளவு நீர் ஏறும் என்று காட்டும் வளைகோடு. அதில் 4 மீட்டருக்கு நேரே நிமிடத்துக்கு 100 லிட்டர் காட்டிய, மூன்றில் ஒரு குதிரைத்திறன் சப்மெர்சிபிள் (நீரில் மூழ்கியே ஓடும்) பம்பை எடுத்தேன். தேவையைப் போல ஐந்து மடங்கு. இதற்கு மேல் பெரியது வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். பெரிய பம்ப் சில நொடிகளில் குழியைக் காலி செய்துவிட்டு நிற்கும், உடனே திரும்பக் கிளம்பும். மோட்டாருக்கு ஓடுவதைவிடக் கிளம்புவதுதான் பெரிய பாரம்.

பம்பை ஜல்லியின் மேல் நேராக வைக்காமல், தட்டையான ஒரு கான்கிரீட் பலகையின் மேல் நிறுத்தினேன். பைப்பை ஒட்டும் முன் முழுவதையும் சும்மா பொருத்தி, எல்லா இணைப்பிலும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். சொல்யூஷன் தடவிய பிறகு திருப்பிச் சரிசெய்ய நேரம் கிடைக்காது. நான்-ரிட்டர்ன் வால்வு கை எட்டும் உயரத்தில், அம்புக்குறி மேல்நோக்கி. அது இல்லையென்றால் பம்ப் நின்றதும் நிமிர்ந்த பைப்பிலுள்ள நீர் முழுவதும் குழிக்கே திரும்பும். ஒன்றரை இன்ச் பைப்பில் 3 மீட்டர் உயரத்துக்கு மூன்றரை லிட்டருக்கும் மேல் நிற்கும். ஏற்றிய அதே நீரைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வால்வுக்குப் பக்கத்தில் யூனியன் என்கிற, கழற்றி மாட்டும் இணைப்பு ஒன்றும் போட்டேன். பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது பைப்பை அறுக்க வேண்டாம்.

முதல் முறை சுவிட்ச் போட்டபோது மோட்டார் உறுமியது, நீர் ஏறவில்லை. பம்புக்குள் காற்று மாட்டிக்கொண்டிருந்தது. மேலே வால்வு மூடியிருப்பதால் அந்தக் காற்றுக்குப் போக இடமில்லை. வால்வுக்குக் கீழே, பம்புக்குச் சற்று மேலே பைப்பில் 5 மி.மீ. துளை ஒன்று போட வேண்டும். சில பம்புகளின் உடம்பிலேயே இது இருக்கும், எங்களதில் இல்லை. டிரில்லைச் சாய்த்துப் பிடித்து, துளை கீழ்நோக்கிப் பார்க்கும்படி போட்டேன். மறுபடி ஓட்டியதும் அந்தத் துளையிலிருந்து முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு ஊசி போல ஒரு பீச்சல் தொட்டியின் பக்கத்தில் அடித்து வழிந்தது. பைப் நடுங்கியது, வால்வு டக்கென்று திறந்தது, வெளியே நீர் கொட்டியது. அந்தப் பீச்சல் கசிவு அல்ல. அது வந்துகொண்டிருந்தால்தான் துளை அடைபடாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

நீர்மட்டத்துக்கேற்பப் பம்பைக் கிளப்பி நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச்தான் எங்களைப் படுத்தியது. பம்போடு வந்தது கயிற்றில் கட்டிய மிதவை. அது வீசி ஆட இடம் வேண்டும். 45 செ.மீ. தொட்டியில் பம்பும் பைப்பும் போக மிச்சமிருந்த இடத்தில் அது பைப்புக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே போய்ச் சிக்கிக்கொண்டது. ஒருமுறை மேலே சிக்கி, நீர் தீர்ந்த பிறகும் பம்ப் வறட்டு ஓட்டம் ஓடியது. இன்னொருமுறை கீழே சிக்கி, நீர் தரை வரை வந்தும் கிளம்பவில்லை. கயிற்றைச் சுருக்கிப் பார்த்தால் ஏறி இறங்கும் தூரம் குறைந்து, பம்ப் விட்டு விட்டு ஓடியது. கடைசியில் அதைக் கழற்றிவிட்டு, தண்டில் நேராக ஏறி இறங்கும் மிதவையாக மாற்றினோம். அப்புறம் சிக்கல் இல்லை. என் அறிவில் எட்டியவரை சம்ப் பம்ப் காலை வாருவது மோட்டாரால் அல்ல, பெரும்பாலும் இந்தச் சுவிட்ச்சால். குறுகிய குழிக்குக் கயிற்று மிதவை வேண்டவே வேண்டாம்.

கிளம்பும் மட்டம் வடிகால் குழாய் குழிக்குள் திறக்கும் வாய்க்கு 5 செ.மீ. கீழே, நிற்கும் மட்டம் அதிலிருந்து 20 செ.மீ. கீழே. மோட்டார் சூடாகாமலிருக்க எவ்வளவு நீர் மிச்சம் இருக்க வேண்டும் என்று பம்பின் தாளில் இருக்கும். அதற்குக் கீழே போகாதீர்கள். கிளம்பும் மட்டத்தைத் தேவைக்கு மேல் தாழ்த்தவும் கூடாது. தரை நனையாமலிருந்தால் போதும். சுற்று வட்டார நிலத்தடி நீர் முழுவதையும் இறைக்கும் வேலை நம்முடையது அல்ல.

மின்சாரத்துக்குத் தனி லைன் இழுக்கச் சொன்னோம். வேறு ஏதோ கருவியால் டிரிப் ஆகி, நள்ளிரவு மழையில் பம்பும் நின்றுவிடக் கூடாது. எர்த் கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., தரையிலிருந்து 1 மீட்டருக்கு மேலே சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடையாது. இது எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை, நான் தொடவில்லை. பம்பை வயரைப் பிடித்துத் தூக்காதீர்கள். அதற்கென்று ஒரு நைலான் கயிற்றைக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். தரையில் நீர் நிற்கும்போது மெயினை அணைக்காமல் அதில் காலை வைக்கவே கூடாது.

வெளியே தள்ளும் நீர் எங்கே போகிறது என்பதில் நிறைய பேர் அசட்டையாக விடுகிறார்கள். சுவரோரம் கொட்டினால் அதே நீர் மண்ணில் இறங்கித் திரும்பக் குழிக்கே வரும். நாங்கள் முதலில் 1 மீட்டர் தள்ளி விட்டிருந்தோம். மழை நின்று நாளான பிறகும் பம்ப் விடாமல் ஓடவே சந்தேகம் வந்தது. வெளியே கொட்டும் இடத்தில் உணவில் சேர்க்கும் சிவப்பு வண்ணத்தைக் கரைத்து ஊற்றினேன். மறுநாள் குழியில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. பைப்பை 3 மீட்டருக்கு மேல் நீட்டி, இறக்கமான பக்கம் திறந்துவிட்டோம்; அதோடு அந்த ஓட்டம் நின்றது. கழிவுநீர்ச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இதை இணைக்கக் கூடாது. மழையில் அவை நிரம்பி வழியும், பல இடங்களில் சட்டப்படியும் தடை. பனி உறையும் ஊர்களில் வெளிப் பைப்பில் நீர் தங்காதபடி முழு இறக்கம் வேண்டும். முனையில் உறைந்தால் பம்ப் அடைத்த பைப்போடு மல்லுக்கட்டும்.

பம்ப் மிகவும் தேவைப்படும் நேரமும் கரண்ட் போகும் நேரமும் ஒன்றுதான், புயல் மழை. அதனால் பேட்டரி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் என்றால் 1200 வாட்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுப்பது நல்லதல்ல; இன்வெர்ட்டர் தின்பதையும் கழித்தால் 500-க்குச் சற்று மேல். எங்கள் பம்ப் ஓடும்போது 450 வாட் எடுக்கிறது. தொடர்ந்து ஓடினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஆனால் நான் அளந்த அந்தக் கனமழையிலும் அது ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் ஓட வேண்டியிருக்கும் என்பதால் ஐந்து மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டரை 450 வாட்டுக்கு வாங்கிவிடாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். 1500 வாட் சைன்வேவ் இன்வெர்ட்டர் போட்டோம். இந்தப் பேட்டரி, இன்வெர்ட்டர் செலவு பம்பின் விலையைவிட நன்றாகவே கூடுதல். இருந்தும் பேட்டரியில்லாத சம்ப் பம்பைப் பாதி வேலை என்றுதான் சொல்வேன். தவணையாகச் செய்வதானால் குறைந்தது நீர்மட்டம் ஏறினால் கத்தும் ஒரு அலாரமாவது உடனே மாட்டுங்கள், அது மலிவு.

குழிக்கு ரப்பர் ஓரமுள்ள மூடி போட்டு, போல்ட் இறுக்கியிருக்கிறோம். குழந்தைகள் விழாமலிருக்க முதலில்; ஈரமும் வாடையும் அறைக்குள் வராமலிருக்க அடுத்து. மாதம் ஒருமுறை வாளி நீரை மெதுவாக ஊற்றி, ஃப்ளோட் ஏறுகிறதா, பம்ப் சரியாக நிற்கிறதா என்று பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பை வெளியே எடுத்து, வாயிலுள்ள சேற்றைத் தட்டி, அந்த 5 மி.மீ. துளையில் கம்பி விட்டு எடுக்கிறேன். நிலத்தடி நீரில் இரும்பு இருந்தால் செம்மண் நிறத்தில் வழவழவென்று பாசி போல ஒன்று படியும். எங்களுக்குப் படிகிறது. ஃப்ளோட் தண்டில் அது ஏறினால் மிதவை இறுகிவிடும், துடைத்துவிட வேண்டும்.

ஏற்கெனவே இடுப்பளவு நீர் நிறைந்துவிட்ட பேஸ்மென்ட்டுக்கு இதெல்லாம் பொருந்தாது. அப்போது ஒரே மூச்சில் இறைக்கக் கூடாது. வெளியே மண் நனைந்து கனத்திருக்கும். உள்ளே நிற்கும் நீர்தான் சுவரை எதிர்த்துத் தாங்கிக்கொண்டிருக்கும். வெளியே நீர் வடிந்த பிறகு, நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கில் மெதுவாக இறக்குவதுதான் பாதுகாப்பு.

செலவில் பெரிய பங்கு பம்புக்குப் போகவில்லை. கான்கிரீட் உடைத்து அள்ளி வெளியேற்றும் கூலிக்கும் பேட்டரிக்கும்தான் போனது. துணி, ஜல்லி, பைப் எல்லாம் சேர்த்தும் சின்னத் தொகைதான். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்னொரு முறை செய்தால் தொட்டியை 60 செ.மீ. விட்டத்துக்கு எடுப்பேன். அதே 20 செ.மீ. ஏற்ற இறக்கத்தில் தொட்டிக்குள் கிட்டத்தட்ட 1.8 மடங்கு நீர் பிடிக்கும். பம்ப் கிளம்பும் தடவைகளும் நன்றாகக் குறையும். கனமழையில் இப்போது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்புகிறது, அது எனக்குத் திருப்தியாக இல்லை. அகலம் இருந்தால் முதல் பம்ப்புக்கு 15 செ.மீ. மேலே தனி ஃப்ளோட்டோடு இரண்டாவது பம்பையும் நிறுத்தலாம். ஒன்று போனால் மற்றது பிடித்துக்கொள்ளும். வடிகால் குழாயின் கோடி மூலையில் மூடியோடு ஒரு நிமிர்ந்த பைப்பும் விட்டிருப்பேன். இப்போது அந்தச் செம்பாசி குழாய்க்குள் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்க்கவோ, தண்ணீர் பீச்சி அலசவோ வழியில்லை. அடுத்த கோடையில் அந்த மூலையில் மட்டும் கான்கிரீட்டை உடைத்து அந்தப் பைப்பைப் போட உத்தேசம்.